ஐம்பது புத்தகக் கணக்கு

ஜனவரியில் புத்தகக் காட்சியிலிருந்து வீடு திரும்பும் வழியில்தான் அந்த ஆசை வரும். இரண்டு தோளிலும் பை. பைக்குள் பதினைந்து இருபது புத்தகம். கால் முழுக்கத் தூசி. நந்தனத்திலிருந்து சைதாப்பேட்டை ஸ்டேஷனுக்கு வந்து, கிடைத்த ரயிலில் ஏறி, உட்கார இடம் கிடைத்ததும் பையிலிருந்து ஒன்றை உருவி முகர்ந்து பார்ப்பேன். ‘இந்த வருஷம் ஐம்பது’ என்று அப்போதே முடிவாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் கோடு போட்ட நோட்டில் வருஷத்தை எழுதி, அடியில் கோடிழுத்து, 1 என்று போட்டுப் பக்கத்தில் ஒரு புத்தகத்தின் பெயரையும் எழுதிவிடுவேன். படித்து முடித்துவிட்டு அல்ல, முன்கூட்டியே. கல்யாணத்துக்கு முன்பே மொய் எழுதுவதுபோல.

பன்னிரண்டு வருஷமாக இந்த நோட்டு இருக்கிறது. ஐம்பதைத் தொட்டது ஒரே ஒரு தடவை. போன வருஷம் 31. ஏன் 31-இல் நின்றது என்று கணக்குப் பார்க்கப் போனதில்தான் கண்ணைப் பற்றியும் மூளையைப் பற்றியும் சில விஷயங்கள் தெரியவந்தன. அவற்றைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கணக்கே வேறு மாதிரி ஆகிவிட்டது.

முதலில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படித்துக்கொண்டிருந்த நாவலில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 220 சொற்கள். பத்துப் பக்கம் படித்து வகுத்துப் பார்த்தால் பக்கத்துக்கு 100 விநாடி, அதாவது நிமிஷத்துக்கு 132 சொல். 250 பக்கப் புத்தகம் ஒன்றுக்கு ஏறக்குறைய 7 மணி நேரம். ஐம்பது புத்தகத்துக்கு 350 மணி நேரம். அதை 365 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 57 நிமிஷம். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்று மின்சார ரயிலில் தினமும் உட்காருகிறவனுக்கு, அல்லது பாதி நாள் நிற்கிறவனுக்கு, இது நடக்காத காரியமில்லை. ஆனாலும் 31 தான் முடிந்திருக்கிறது என்றால் நாளொன்றுக்கு 35 நிமிஷம்தான் படித்திருக்கிறேன். மீதி எங்கே போனது என்பது சட்டைப் பையிலிருக்கும் போனுக்குத் தெரியும்.

நிமிஷத்துக்கு 132 என்பது எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த உளவியலாளர் மார்க் பிரிஸ்பர்ட் 2019-இல் 190 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு சராசரி சொன்னார். ஆங்கிலத்தைச் சத்தமில்லாமல் படிக்கும் பெரியவர்கள் நிமிஷத்துக்குச் சராசரியாக 238 சொல் படிக்கிறார்கள், கதையென்றால் 260, வாய்விட்டுப் படித்தால் 183. அப்படியானால் நான் அவர்களில் பாதிதானா? இல்லை. ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ஐந்தாறு சொல் வேண்டும். வேற்றுமை உருபு, காலம், எண், இடம் எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற மொழி இது. சொற்களை எண்ணி இரண்டு மொழிகளின் வேகத்தை ஒப்பிடுவது, மூட்டையை எண்ணிப் பார்த்து அரிசியின் எடையைச் சொல்வதுபோல. மூட்டை ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டாமா?

சரி, படிக்கும்போது கண் என்னதான் செய்கிறது?

வரியின் மேல் வழுக்கிக்கொண்டே போகிறது என்றுதான் நமக்குத் தோன்றும். பக்கத்தில் உட்கார்ந்து படிப்பவரின் கண்ணைக் கவனியுங்கள் (அவருக்குத் தெரியாமல்). அது வழுக்கவில்லை, தத்துகிறது. கால் விநாடி ஓரிடத்தில் நிற்கிறது, சட்டென்று தாவுகிறது, மறுபடி நிற்கிறது. பாரிஸில் இருந்த கண் மருத்துவர் எமில் ஜவால் 1870-களின் கடைசியில் இந்தத் தாவலைப் பற்றி எழுதினார். பிரெஞ்சில் வெட்டியிழுப்பதைக் குறிக்கும் ‘சக்காட்’ என்ற சொல் அறிவியலில் அதற்குப் பெயராக நிலைத்தது. வாசிக்கும் கண்ணைப் பற்றி இவ்வளவு யோசித்த ஜவால், பிற்காலத்தில் கண் அழுத்த நோயால் பார்வையை முழுக்க இழந்தார்.

அவருக்குப் பின் வந்த அமெரிக்க உளவியலாளர் எட்மண்ட் ஹியூயி கையாண்ட முறையைப் படித்தபோது எனக்குக் கண் கூசியது. கண்ணின்மேல் உட்காரும்படி பாரிஸ் சாந்தில் ஒரு சிறு கிண்ணம் செய்தார். பார்ப்பதற்கு அதில் ஓர் ஓட்டை. வலி தெரியாமலிருக்கக் கண்ணில் கொக்கெயின் சொட்டு. அந்தக் கிண்ணத்தோடு ஒரு மெல்லிய அலுமினியக் குச்சியை இணைத்து, புகைக்கரி பூசிச் சுழலும் உருளையின்மேல் அது கோடு கிழிக்கும்படி வைத்தார். கண் தாவத் தாவக் கரியில் படிக்கட்டுப்போல ஒரு கோடு விழுந்தது. 1908-இல் அவர் வெளியிட்ட வாசிப்பு உளவியல் நூல் இன்றும் பேசப்படுகிறது. இன்றைய ஆய்வுக்கூடங்களில் அகச்சிவப்பு ஒளியும் கேமராவும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன; யார் கண்ணிலும் சாந்து வைக்க வேண்டியதில்லை.

தாவ வேண்டிய அவசியம் விழித்திரையின் அமைப்பிலிருந்து வருகிறது. அதில் எழுத்தைக் கூர்மையாகப் பார்க்கக்கூடிய இடம் நடுவில் இருக்கும் ஃபோவியா என்ற சிறு குழி மட்டுமே. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் நகம் எவ்வளவு அகலம் தெரியுமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் அதன் எல்லை. மற்றதெல்லாம் மங்கல். ஆகவே கண் அந்தச் சிறு வெளிச்சத்தை வரியின்மேல் நகர்த்தி நகர்த்தி வைக்கிறது. ஆங்கிலம் படிப்பவருக்கு ஒரு நிலைப்பு சுமார் 200 முதல் 250 மில்லி விநாடி. ஒரு தாவல் ஏழெட்டு எழுத்துத் தூரம். அதற்கு ஆகும் நேரம் 30 மில்லி விநாடி அளவில்தான். தாவும் அந்த நேரத்தில் நாம் எதையும் பார்ப்பதில்லை. பார்க்கவில்லை என்பதும் நமக்குத் தெரிவதில்லை. நூறு தாவலில் பத்துப் பதினைந்து பின்னோக்கிப் போகும்: சரியாகப் பிடிபடாததை இன்னொரு தரம் பார்க்க.

1975-இல் ஜார்ஜ் மெக்கான்கியும் கீத் ரேனரும் ஒரு தந்திரம் செய்தார்கள். வாசகர் பார்க்கும் இடத்தைச் சுற்றிச் சில எழுத்துகளை மட்டும் திரையில் சரியாகக் காட்டி, மற்றதையெல்லாம் குப்பையெழுத்தாக மாற்றினார்கள். கண் நகர நகர அந்தச் சாளரமும் கூடவே நகரும். சாளரத்தை எவ்வளவு சுருக்கினால் வாசிப்பு தடுமாறுகிறது? ஆங்கில வாசகர்கள் இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்தும், வலப்பக்கம் பதினான்கு பதினைந்து எழுத்தும் வரை பயன்படுத்துகிறார்கள் என்று இந்த வகைச் சோதனைகள் காட்டின. வலமிருந்து இடமாக எழுதப்படும் ஹீப்ருவைப் படிப்பவர்களிடம் இது அப்படியே தலைகீழ். அதாவது இந்த எல்லை கண்ணோடு பிறந்ததல்ல, வாசிப்பில் பழகியது. எழுத்து போகும் திசையில் கவனம் முன்னால் ஓடுகிறது.

தமிழ் எழுத்தில் இதற்கு மேலும் சில சுவாரஸ்யங்கள் உண்டு. ‘கொ’ என்று எழுதும்போது உச்சரிப்பில் முதலில் வருவது க். கண்ணுக்கு முதலில் கிடைப்பதோ ஒற்றைக் கொம்பு. பின்னால் வரும் ஒலியின் பாதி முன்னாலும், மீதிப் பாதி க-வுக்குப் பின்னால் காலாகவும் நிற்கிறது. இந்தி எழுத்திலும் இகரக் குறி மெய்க்கு முன்னால் போடப்படுகிறது. அப்படிப்பட்ட சொற்களை உரக்கப் படிக்கச் சொன்னால் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். நமக்கு அந்த இடறல் தெரிவதே இல்லை, அவ்வளவு பழக்கம். பழக்கம் எவ்வளவு முக்கியம் என்பது 1978-க்கு முன் அச்சான புத்தகத்தைக் கையில் எடுக்கும்போது தெரியும். எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தைய அந்தப் பதிப்புகளில் லை, னை எல்லாம் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். முதல் பத்துப் பக்கம் எனக்கு வேகம் குறையும். பிறகு கண் சமாதானமாகிவிடும்.

அதற்கும் முந்தைய காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஓலைச் சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. மெய்க்குப் புள்ளி கிடையாது. எகர ஏகார வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். கண் எங்கே தாவுவது, எங்கே நிற்பது? சொற்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம்தான் அடுத்த தாவலுக்குக் குறி வைக்க உதவுகிறது. ஆங்கிலத்தில் அந்த இடைவெளிகளை எடுத்துவிட்டுப் படிக்கச் சொன்னால் வேகம் 30 முதல் 50 சதவீதம் வரை குறைகிறது. உ. வே. சாமிநாதையர் இப்படிப்பட்ட ஏடுகளை வைத்துக்கொண்டுதான் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். யாப்பு தெரியாமல், சமண மரபு தெரியாமல், அந்த வரியை எங்கே வெட்டுவதென்று கண் மட்டும் சொல்லிவிடாது. அவர் வருஷத்துக்கு எத்தனை புத்தகம் படித்தார் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கண்ணைத் துரிதப்படுத்தினால் 31-ஐ 50 ஆக்கிவிடலாமே என்ற சபலம் எனக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஆசிரியை ஈவ்லின் வுட் 1959-இல் துரித வாசிப்பு வகுப்புகளைத் தொழிலாகவே தொடங்கினார். விரலைப் பக்கத்தின்மேல் வேகமாக நகர்த்து, பின்னால் பார்க்காதே, மனசுக்குள் உச்சரிக்காதே. நிமிஷத்துக்கு ஆயிரம் சொல்லுக்கு மேல் போகலாம் என்பது வாக்குறுதி. வெள்ளை மாளிகையில் ஜிம்மி கார்ட்டர் வரை அந்தப் பயிற்சியை எடுத்துக்கொண்டார். 2014 வாக்கில் அதையே செயலியாக்கினார்கள்: திரையின் நடுவில் ஒவ்வொரு சொல்லாக மின்னும், கண் நகரவே வேண்டாம்.

இதற்கான பதிலைக் கீத் ரேனரும் அவருடைய கூட்டாளிகளும் 2016-இல் வெளியான நீண்ட ஆய்வுரையில் சொன்னார்கள். வாசிப்பு நேரத்தில் கண்ணின் நகர்வுக்கு ஆவது அதிகபட்சம் 10 சதவீதம். மீதி நேரம் சொல்லை அடையாளம் காண்பதற்கும் பொருளை ஒட்டவைப்பதற்கும் போகிறது. கண்ணை அசையாமல் வைத்து மிச்சம் பிடித்தாலும் கிடைப்பது அந்தப் பத்தில் ஒரு பங்குதான். படித்து நகர்ந்த சொற்களைத் திரையிலிருந்து மறைத்து, திரும்பிப் பார்க்க முடியாமல் செய்தபோது புரிதல் குறைந்தது என்றும் அந்தக் குழுவினர் முன்பே கண்டிருந்தார்கள். மனசுக்குள் கேட்கும் குரல் வேண்டாத பழக்கம் அல்ல; புரிந்துகொள்வதில் அதற்கும் பங்கு இருக்கிறது. வேகத்தைக் கூட்டினால் புரிதல் குறையும். அந்த ஆய்வுரையின் சாரம் அவ்வளவே. மேலோட்டமாகப் பார்க்க வேண்டிய இடத்தில் மேலோட்டமாகப் பார்ப்பது நல்ல திறமை. அரசாணையை அப்படித்தான் பார்க்க வேண்டும், அசோகமித்திரனை அல்ல.

நூலகத் துறைக்கு ஐந்து விதிகள் வகுத்தவர் சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது 1931-இல் அவை நூலாக வந்தன. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது அவற்றில் நான்காவது. கணிதப் பேராசிரியராக இருந்து நூலகரானவர், நேரத்தைக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். ஆனால் அவர் மிச்சம் பிடிக்கச் சொன்னது அலமாரியில் தேடுகிற நேரத்தை. புத்தகம் கைக்கு வந்த பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

உண்மையில் வேகமாகப் படிக்க வைப்பது என்ன? 1988-இல் அமெரிக்காவில் 64 பள்ளி மாணவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்புத் திறன் குறைவு என்று பெயரெடுத்திருந்தும் பேஸ்பால் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நம் ஊரில் இதற்குச் சோதனையே வேண்டாம். பாடப் புத்தகத்தில் பத்து வரி படிக்கத் திணறும் பையன் சேப்பாக்கம் டெஸ்ட் பற்றிய முழுப் பக்கக் கட்டுரையை நின்றபடியே படித்துவிட்டுத்தான் பேப்பரைக் கொடுப்பான். ஒரு துறையில் பத்துப் புத்தகம் படித்தவருக்குப் பதினொன்றாவது வேகமாக ஓடுகிறது. சோழர் வரலாற்றில் என் முதல் புத்தகம் ஒரு மாதம் இழுத்தது. நான்காவது ஆறு நாளில் முடிந்தது. கண் அதே கண்தான்.

கண் கொண்டுவரும் எழுத்தைச் சொல்லாக அடையாளம் காணும் இடம் மூளையின் இடப்பக்கப் பின்புறத்தில், அடிப்பகுதியில் இருக்கிறது. அந்த இடத்தின் கதை ஒரு துயரமான மனிதரிடம் தொடங்குகிறது. பாரிஸில் ஓய்வுபெற்ற வியாபாரி ஒருவர், நிறையப் படிக்கிறவர். ஒரு நாள் திடீரென்று ஓர் எழுத்தும் அவருக்குப் படிக்க முடியவில்லை. பார்வை இருந்தது, பேச்சு இருந்தது, எழுதவும் வந்தது. ஆனால் தானே எழுதியதை அவரால் படிக்க முடியவில்லை. விரலால் எழுத்தின் வடிவத்தைத் தடவி வரைந்தால் மட்டும் அது என்ன எழுத்தென்று சொல்வார். நரம்பியல் மருத்துவர் ஜூல் டெஜெரின் அவரைப் பல வருஷம் கவனித்து, இறந்த பிறகு மூளையை ஆராய்ந்து, 1892-இல் எழுதினார். அந்தக் கட்டுரையைப் பற்றி முதலில் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

நூற்றாண்டுக்குப் பிறகு லோரன் கோஎனும் ஸ்தனிஸ்லாஸ் தெஹானும் மூளைப் படக் கருவிகளைக் கொண்டு, சொல் வடிவத்துக்கு மறுமொழி தரும் அந்தச் சிறு பகுதியைக் காட்டினார்கள். எழுத்து தோன்றி ஐயாயிரம் ஆண்டு சொச்சம்தான் ஆகிறது. வாசிப்புக்கென்று மூளை பரிணமிக்க அந்தக் காலம் போதாது. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணப் பயன்பட்ட பகுதியில் ஒரு பங்கை எழுத்து வாடகைக்கு எடுத்துக்கொண்டது என்பது தெஹானின் கருத்து. அப்படியானால் படிக்கக் கற்றவர்களுக்கு முகம் மறந்துபோகுமா என்ற கேள்வி எழுந்தது. லக்னோவுக்குப் பக்கத்துக் கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும் வைத்து நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. எழுத்துக்கு இடம் கொடுத்ததால் முகங்களுக்கு நஷ்டமில்லை என்று அது சொன்னது. ஆகவே கல்யாண வீட்டில் சொந்தக்காரரை அடையாளம் தெரியாமல் நின்றதற்கு நான் இனிப் புத்தகத்தைச் சாக்குச் சொல்ல முடியாது.

இப்போது நோட்டுக்கு வருகிறேன். போன தீபாவளி விடுமுறையில் மகள் அலமாரியிலிருந்து ஒரு நாவலை எடுத்தாள்.

“அப்பா, இதுல கடைசியில அந்தத் தம்பி ஊருக்குத் திரும்பி வர்றானா?”

எந்தத் தம்பி? எனக்கு ஒன்றும் நினைவில்லை.

“நோட்டுல எழுதியிருக்கியேப்பா. பதினேழாவது!”

உண்மைதான். மூன்று வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் பதினேழாவது. புத்தகத்துக்குள் என் பென்சில் கோடுகூட இருக்கிறது. ஓரிடத்தில் ‘அருமை’ என்று வேறு எழுதியிருக்கிறேன். என்ன அருமை என்று தெரியவில்லை. பின்னட்டையில் இருக்கும் நாலு வரியைத் தவிர என்னிடம் அந்த நாவலிலிருந்து மிச்சம் எதுவுமில்லை.

ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் இதைத் தன்னையே வைத்து அளந்தார். பொருளற்ற அசைகளைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்து, நேரம் கழித்து மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று பார்த்தார். 1885-இல் வெளியிட்ட அவர் கணக்கில் 20 நிமிஷத்துக்குப் பிறகு மிச்சம் 58 சதவீதம், ஒரு நாளுக்குப் பிறகு 34 சதவீதம் அளவில், ஒரு மாதத்துக்குப் பிறகு 21. கவனிக்க வேண்டியது சரிவின் வடிவம்: முதலில் செங்குத்து, பிறகு சமதரை. கதை அசையல்ல, அது இவ்வளவு வேகமாக மறக்காது. ஆனால் ஒரு புத்தகத்தை மூடிய கையோடு அடுத்ததைத் திறக்கிறவன், அந்தச் செங்குத்துச் சரிவின் தலையிலிருந்தே முதல் புத்தகத்தை உருட்டிவிடுகிறான். ஐம்பதை எட்டிய அந்த ஒரே வருஷத்தில் நான் செய்தது அதுதான். அந்த வருஷப் பட்டியலைத்தான் இப்போது பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

இதற்கு மருந்து திரும்பப் படிப்பது என்றுதான் நினைத்திருந்தேன். ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் செய்த சோதனை வேறு விதமாகச் சொல்கிறது. ஒரு குழுவினர் ஒரு பகுதியை நான்கு முறை படித்தார்கள். இன்னொரு குழுவினர் ஒரு முறை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்களே முன்னால்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்கள் 40-க்கு இறங்கிவிட்டார்கள். நினைவிலிருந்து எழுதியவர்கள் 61-இல் நின்றார்கள். நம் திண்ணைப் பள்ளியில் வாத்தியார் ‘ஒப்பி’ என்று பையனை எழுப்பி நிற்க வைத்ததில் கொடுமையும் இருந்தது, இந்த உண்மையும் இருந்தது.

இலக்கு வைப்பதற்கும் ஒரு விஞ்ஞானம் இருக்கிறது. ஜனவரியில் எனக்கு வரும் வீரம் எல்லோருக்கும் வருவதுதான். டாய், மில்க்மன், ரீஸ் என்ற மூவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், வருஷத் தொடக்கம் ஆகிய நாட்களை ஒட்டி மக்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவதும் உறுதிமொழி எடுப்பதும் கூடுகிறது என்று காட்டியது. பழைய நோட்டின் தோல்வி பழைய ஆளுடையது, புது நோட்டுக்காரன் வேறு என்று மனசு ஒரு கோடு போட்டுக்கொள்கிறது. நடுவில் ஜூன், ஜூலையில் அந்தச் சூடு ஆறிவிடும். முடிவு நெருங்க நெருங்க மறுபடி வேகம் பிடிக்கும். எலிகள் தீனி இருக்கும் முனையை நெருங்கும்போது வேகமாக ஓடுகின்றன என்று கிளார்க் ஹல் 1930-களில் கவனித்தார். காபிக் கடை அட்டையில் முத்திரை சேர்ப்பவர்களும் அப்படியே என்று 2006-இல் கண்டார்கள். அதில் ஒரு வேடிக்கை. பத்துக் கட்டம் உள்ள அட்டையைவிட, பன்னிரண்டு கட்டம் போட்டு இரண்டை முன்கூட்டியே நிரப்பிக் கொடுத்த அட்டையை மக்கள் சீக்கிரம் முடித்தார்கள். வாங்க வேண்டியது இரண்டிலும் பத்துக் காபிதான். படிக்கும் முன்பே நான் 1 என்று எழுதிப் பெயரைப் போடுவதற்கு இப்போது எனக்கு ஓர் அறிவியல் காரணம் கிடைத்துவிட்டது.

டிசம்பரில் என்ன நடக்கும் என்பதை நோட்டைப் பார்த்தாலே சொல்லலாம். ஜனவரியில் 600 பக்கம், 400 பக்கம். டிசம்பரில் 96 பக்கக் குறுநாவல், 80 பக்கக் கவிதை, 64 பக்கச் சிறு வெளியீடு. பொன்னியின் செல்வன் ஐந்து பாகம், அதை ஒன்று என்று எழுதுவதா ஐந்து என்று எழுதுவதா என்று ஒரு வருஷம் நான் உண்மையாகவே யோசித்திருக்கிறேன் (ஐந்து என்றுதான் எழுதினேன்). பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக் கொள்கை பற்றிச் சொன்னது இங்கும் பொருந்தும்: எந்த அளவீட்டை வைத்துப் பிடி போடுகிறீர்களோ, பிடி போட்டதும் அது நழுவிவிடும். குட்ரீட்ஸ் போன்ற தளங்கள் வருஷ இலக்கை ஒரு பட்டையாக நிரப்பிக் காட்டுகின்றன. பட்டைக்கு 64 பக்கமும் 600 பக்கமும் ஒன்றே. கடினமான புத்தகத்தின் பக்கம் கை போகாமல் தடுப்பது சோம்பல் என்று நினைத்திருந்தேன். பாதிக்குமேல் அந்தப் பட்டையின் வேலை.

திரையா காகிதமா என்ற சண்டையில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. 2000 முதல் 2017 வரையிலான 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஆய்வு, தகவல் சார்ந்த எழுத்தைக் காகிதத்தில் படித்தவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகப் புரிந்தது என்கிறது, கதையென்றால் வித்தியாசமில்லை. நெரிசலான ரயிலில் ஒரு கை கம்பியிலும் ஒரு கை போனிலுமாகக் கதை படிக்கிறவருக்கு இதில் குற்றவுணர்ச்சி தேவையில்லை.

இந்த வருஷ நோட்டில் எண் போடவில்லை. புத்தகத்தை முடித்த அன்று எதுவும் எழுதுவதில்லை. ஒரு வாரம் கழித்து, கூடுவாஞ்சேரியிலிருந்து வரும் ரயில் தாமதமாகும் ஏதாவதொரு காலையில், புத்தகம் கையில் இல்லாதபோது நோட்டைத் திறந்து நினைவில் இருப்பதை எழுதுகிறேன். சில புத்தகத்துக்கு இரண்டு பக்கம் வருகிறது. ஒரு பிரபலமான புத்தகத்துக்கு ஆசிரியர் பெயருக்கு மேல் பேனா ஓடவில்லை. மகள் கேட்ட அந்தப் பதினேழாவது நாவலையும் மறுபடி எடுத்தேன். கண் முன்புபோலவே தத்தித்தான் போனது, பக்கத்துக்கு 100 விநாடிக்குப் பதில் 130. ‘அருமை’ என்று எழுதியிருந்த இடம் வந்தபோது ரயில் மாம்பலத்தில் நின்றிருந்தது. அந்தப் பத்தியில் அப்படி ஒன்றும் அருமையில்லை. இரண்டு பக்கம் தள்ளி, தம்பி கிணற்றடியில் அண்ணியிடம் தண்ணீர் கேட்டுவிட்டுக் குடிக்காமல் போகிற இடம்தான் அருமை. முன்பு அதை எப்படித் தாண்டிப் போனேன் என்று தெரியவில்லை. மகளிடம் அன்று ராத்திரி சொன்னேன்.

“திரும்பி வர்றானா இல்லையா, அதைச் சொல்லுப்பா முதல்ல.”

இன்னும் அறுபது பக்கம் இருக்கிறது என்றேன்.